இசுஸு: காரை விட்டாலும் டீசலை விடாத நிறுவனம்

செவ்ரோலே டவேராவை நினைவிருக்கிறதா? 2004-இல் இந்தியாவுக்கு வந்து, டூரிஸ்ட் வண்டி என்றாலே இதுதான் என்று பல ஊர்களில் ஆன வண்டி. அதன் முன்புறத்தில் செவ்ரோலே சின்னம் இருந்தது. உள்ளே ஓடியது இசுஸுவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின். வண்டியே இந்தோனேசியாவில் 'பேந்தர்' என்ற பெயரில் ஓடிய இசுஸுதான். அதற்கும் முன்னால், 1990-களில் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்ற அம்பாசடர்களில் ஐந்து கியரும் கொஞ்சம் அதிக வேகமும் கொண்ட ஒரு ரகம் வந்தது. அதுவும் இசுஸு இன்ஜின்தான். கான்டெஸா கிளாசிக்கிலும் அதே கதை.

இப்படி மற்றவர்களின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நின்று உலகம் முழுக்க ஓடிய நிறுவனங்கள் அதிகம் இல்லை. ஜப்பானின் மிகப் பழைய வண்டி நிறுவனங்களில் ஒன்று இசுஸு. அழகான கார்களைச் செய்தது, அவற்றில் தோற்றது, கடைசியில் கார் தொழிலையே விட்டது. ஆனாலும் இன்று அது நலிந்த நிறுவனம் இல்லை. இலகு ரக லாரிகளிலும் பிக்கப்புகளிலும் பல நாடுகளில் முதல் வரிசையில் நிற்கிறது. அந்த விலகல்தான் அதைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இசுஸுவின் தாய் நிறுவனம் ஒரு கப்பல் கட்டும் தளம். டோக்கியோ இஷிகாவாஜிமா என்ற அந்த நிறுவனம் 1916-இல், டோக்கியோவின் எரிவாயு, மின்சாதன நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மோட்டார் வண்டி செய்யத் திட்டமிட்டது. சொந்தமாக வடிவமைக்கும் அனுபவம் இல்லாததால் 1918-இல் பிரிட்டனின் உல்ஸ்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. உல்ஸ்லி வண்டிகளைக் கிழக்காசியாவில் தயாரிக்கவும் விற்கவும் உரிமை கிடைத்தது. 1922-இல் முதல் வண்டி வெளியே வந்தது. ஏ-9 என்ற அது ஒரு கார்.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் அரசு 1918-இல் ஒரு மானியச் சட்டம் கொண்டுவந்திருந்தது. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு உதவக்கூடிய லாரிகளைச் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் அரசு பணம் தரும். கையால் செய்த விலையுயர்ந்த காருக்கு ஆள் கிடைப்பது கடினம், லாரிக்கோ அரசே துணை. 1924-இல் உல்ஸ்லி சிபி என்ற லாரி வந்தது, அதற்கு மானியத் தகுதியும் கிடைத்தது. 1925-இல் யோகோஹாமாவில் ஃபோர்டும், 1927-இல் ஒசாகாவில் ஜெனரல் மோட்டார்ஸும் வண்டிகளைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டி மலிவாக விற்கத் தொடங்கின. அவற்றோடு காரில் மோதுவது அந்தக் காலத்து ஜப்பானிய நிறுவனம் எதற்கும் முடியாத காரியம். ஆக, நிறுவனத்துக்குப் பத்து வயது ஆவதற்குள்ளேயே சோறு போடுவது லாரிதான் என்று ஆகிவிட்டது. பின்னாளில் அது கார் பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் இதே பாடத்தைத்தான் மறுபடி படித்தது.

1930-களில் இணைப்புகளும் பெயர் மாற்றங்களும் அடுத்தடுத்து வந்தன. அரசு நிர்ணயித்த தரத்தில் செய்யப்பட்ட லாரிக்கு, இசே ஆலயத்தை ஒட்டி ஓடும் இசுஸு ஆற்றின் பெயர் வைக்கப்பட்டது. 1937-இல் நிறுவனம் டோக்கியோ மோட்டார் தொழிற்சாலை என்ற பொருள் தரும் பெயரில் புது வடிவம் எடுத்தது. 1942-இல் அதிலிருந்து ஒரு பிரிவு தனியாகப் போனது. இன்று இசுஸுவுக்கு நேரெதிர் போட்டியாக இருக்கும் ஹினோ அந்தக் கிளைதான். 1949-இல்தான் நிறுவனமே இசுஸு மோட்டார்ஸ் ஆனது.

இந்தப் பெயர் மாற்றங்களைவிட முக்கியமானது டீசல். 1930-களின் நடுவிலேயே, காற்றால் குளிரும் டீசல் இன்ஜினை இந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். தண்ணீர் கிடைக்காத, உறைபனி பிடிக்கும் நிலங்களில் ராணுவ வண்டிகள் ஓட வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது அது. நோக்கம் போர்தான். ஆனால் அந்த வேலையில் உருவான கைத்திறன் போருக்குப் பிறகும் அழியவில்லை. தோற்று நொறுங்கிக் கிடந்த நாட்டில், ஆக்கிரமிப்புப் படையின் அனுமதியோடு இசுஸு மறுபடி லாரி செய்யத் தொடங்கியது. எரிபொருளுக்குத் தட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில், குறைந்த எண்ணெயில் அதிகச் சுமை இழுக்கும் டீசல் லாரி நாட்டுக்கே தேவைப்பட்டது.

1950-களில் ஜப்பானிய அரசு, கார் தொழில்நுட்பத்தை வெளிநாட்டினரிடமிருந்து கற்றுக்கொள்ளும்படி நிறுவனங்களை ஊக்குவித்தது. நிசான் ஆஸ்டினைப் பிடித்தது, ஹினோ ரெனோவைப் பிடித்தது, இசுஸு பிரிட்டனின் ரூட்ஸ் குழுமத்தைப் பிடித்தது. 1953 முதல் ஹில்மேன் மின்க்ஸ் கார்கள் இசுஸுவின் தொழிற்சாலையில் பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் ஜப்பானிலேயே தயாராயின. அந்தப் பாடத்தை வைத்து 1961-இல் சொந்தக் காரான பெல்லெல் அறிமுகமானது. டீசலிலும் கிடைத்தது. ஆனால் அதற்குப் போட்டி டொயோட்டா கிரௌனும் நிசான் செட்ரிக்கும். டாக்சிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் ஆதரித்தார்கள், எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. 1963-இல் வந்த பெல்லெட் அதைவிட நல்ல கார். சின்னது, வளைவுகளில் துடிப்பாகத் திரும்பும். அதன் ஜிடி ரகம் ஜப்பானியப் பந்தயப் பிரியர்கள் இன்றும் மரியாதையோடு பேசும் வண்டி.

அதே காலத்தில், கார்களுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூடக் கிடைக்காத ஒரு வண்டி 1959-இல் வந்தது. அதன் பெயர் எல்ஃப். 2 டன் சுமை ஏற்றும் சின்ன லாரி. இசுஸுவின் நூறாண்டுக் கதையில் ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எல்ஃபைத்தான் சொல்வேன்.

காரணம் இது. பழைய லாரிகளில் இன்ஜின் முன்னால் பானட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டுநர் அதன் பின்னால் உட்காருவார். எல்ஃபில் ஓட்டுநரின் கேபினை இன்ஜினுக்கு மேலேயே வைத்தார்கள். வண்டியின் நீளம் கூடாமலே சரக்குத் தொட்டி நீண்டது. சந்துகளில் திருப்புவது சுலபம், ஓட்டுநருக்கு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுகூடத் தெரியும். ஜப்பானின் ஒடுங்கிய நகரத் தெருக்களுக்கு இது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அடுத்த ஆண்டே அதில் டீசல் இன்ஜினும் வந்தது. 2 டன் வண்டிக்குச் சின்ன டீசல் என்பது அன்று துணிச்சலான முடிவு. டீசல் என்றால் பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் உரியது, கனமானது, சத்தம் போடுவது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். காய்கறி மண்டிக்காரரும் பார்சல் நிறுவனமும் மாதக் கடைசியில் எரிபொருள் கணக்கைப் பார்த்தபோது அந்த நினைப்பு மாறியது.

எல்ஃப் ஏழாவது தலைமுறையாக இன்றும் வருகிறது. ஜப்பானுக்கு வெளியே 'என் வரிசை' என்று விற்கப்படுகிறது. அமெரிக்காவில் செவ்ரோலே சின்னத்தோடும் ஓடியது. அதற்கு மேல் நடுத்தர ரகத்தில் 1970 முதல் ஃபார்வர்டு, கனரகத்தில் 1994 முதல் கிகா. பஸ்களில் எர்கா. பஸ் தயாரிப்பைப் பிற்பாடு பழைய உறவான ஹினோவோடு சேர்ந்தே நடத்தத் தொடங்கினார்கள்.

சரி, எல்ஃப் இவ்வளவு நன்றாக ஓடும்போது கார் எதற்கு? கார் செய்யாத வண்டி நிறுவனத்துக்கு எதிர்காலம் இல்லை என்பது அன்றைய ஜப்பானின் பொதுக்கருத்து. அதில் நியாயமும் இருந்தது. லாரி விற்பனை பொருளாதாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கட்டுமானம் நின்றால் லாரி நிற்கும். கார் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் என்று நம்பினார்கள். ஆனால் கார் தொழில் எண்ணிக்கையை வைத்து ஓடுவது. ஒரு புது மாடலுக்கான செலவு, பத்தாயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதோடு இசுஸுவின் விற்பனையாளர்கள் லாரிக்காரர்கள். லாரி முதலாளியோடு பேரம் பேசத் தெரிந்தவருக்கு, முதல் கார் வாங்க வரும் குடும்பத்தோடு பேசுவது வேறு தொழில். இந்த இடைவெளியை நிரப்பக் கூட்டாளி தேவைப்பட்டார். 1966 முதல் 1970 வரை ஃபியூஜி ஹெவி, மிட்சுபிஷி, நிசான் என்று ஒவ்வொருவரோடும் கூட்டுச் சேர முயன்றது. ஒன்றும் நிலைக்கவில்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் இசுஸு தன் மிக அழகான காரைச் செய்தது. இத்தாலியின் கியா நிறுவனத்தில் இருந்த இளம் வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ வரைந்த 117 கூபே. 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் காட்டப்பட்டு, 1968 கடைசியில் விற்பனைக்கு வந்தது. மெல்லிய தூண்கள், தாழ்ந்த கூரை, அலட்டலே இல்லாத பக்கக் கோடுகள். அந்தத் தகட்டு வளைவுகளை அச்சில் வார்க்கும் வசதி இல்லாததால் முதல் சில ஆண்டுகள் பெருமளவு கையால்தான் செய்தார்கள். மாதத்துக்குச் சுமார் 50 வண்டிகள். அதில் லாபம் வந்திருக்க வழியே இல்லை. இருந்தும் மின்னணு எரிபொருள் செலுத்தலை 1970-இல் ஒரு ஜப்பானியக் காரில் கொண்டுவந்தது இந்த வண்டிதான். லாரி நிறுவனத்துக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இந்தக் காரை நேசித்துச் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதே எனக்குத் தெரிந்த பதில். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

1971-இல், செவ்ரோலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இசுஸுவில் 34.2 சதவீதப் பங்கை வாங்கியதும் நிலைமை மாறியது. பணம் வந்தது, சந்தையும் வந்தது. அடுத்த ஆண்டே இசுஸுவின் பிக்கப் அமெரிக்காவில் செவ்ரோலே லவ் என்ற பெயரில் விற்பனைக்குப் போனது. கூடவே ஜெனரல் மோட்டார்ஸின் பொது வடிவமைப்புகளும் வந்தன. 1974-இல் வந்த ஜெமினி, ஓப்பல் கடெட்டோடு அடித்தளத்தைப் பகிர்ந்த கார். 1981-இல் ஜியுஜாரோவின் இன்னொரு வடிவம் பியாட்ஸா ஆனது. 1979-இல் கண்காட்சி வண்டியாக அவர் காட்டியதை அதிகம் மாற்றாமல் அப்படியே சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ட்ரூப்பரும் வந்தது. இப்போது எஸ்யூவி என்று சொல்கிற வகையில் ஆரம்பகால வண்டிகளில் ஒன்று.

1984-இல் ஆஸ்கா என்ற காரில் இசுஸு செய்ததை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாதாரண ஐந்து கியர் பெட்டிதான், கிளட்சும் சாதாரணமானதுதான். ஆனால் கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஹைட்ராலிக் கருவிகள் செய்தன. எப்போது மாற்றுவது என்பதைக் கணினி முடிவு செய்தது. நாவி-5 என்று பெயர். இன்று சின்னக் கார்களில் ஏஎம்டி என்று விற்பது அடிப்படையில் இதே ஏற்பாடுதான். சந்தை அன்று அதற்குத் தயாராக இல்லை, காரில் அது நிலைக்கவில்லை. ஆனால் இசுஸு அதை லாரிக்கு எடுத்துப் போனது. நாளெல்லாம் கிளட்ச் மிதித்துக் கால் வலிக்கும் லாரி ஓட்டுநருக்கு அதன் அருமை தெரிந்தது. காரில் செய்து பார்த்தது லாரியில் பலன் தந்தது. கார் ஆண்டுகள் முழுக்க வீண் என்று சொல்ல முடியாததற்கு இதுவே சான்று.

டீசல் பக்கம் இதே காலத்தில் நடந்தது இன்னும் பெரிது. அந்நாளைய சின்ன டீசல்களில் எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்ச மாட்டார்கள். மேலே ஒரு சிறு அறையில் பீய்ச்சி, அங்கே பற்றிய தீயைக் கீழே அனுப்புவார்கள். சத்தம் குறையும், ஆனால் அந்த அறையின் சுவர்கள் வழியே வெப்பம் வீணாகும், மைலேஜும் குறையும். நேராகப் பீய்ச்சினால் சிக்கனம் அதிகம், ஆனால் வண்டி தடதடக்கும். 1980-களில் இசுஸு தன் 2.5, 2.8 லிட்டர் டீசல்களில் நேரடி முறையைக் கொண்டுவந்தது. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிக்கப் வாங்குபவர் எதைப் பொறுப்பார், எதைப் பொறுக்கமாட்டார் என்று தெரிந்தவர்களின் முடிவு அது. சீனாவில் உரிமம் பெற்றும் பார்த்துச் செய்தும் பல நிறுவனங்கள் 2.8 லிட்டர் இன்ஜினின் வம்சத்தைப் பெருக்கின. நம் டவேராவுக்கு வந்த 4ஜேஏ1 இன்ஜின் இதே குடும்பத்தின் 2.5 லிட்டர் உறுப்பினர். அது தடதடத்ததும் மைலேஜ் கொடுத்ததும் ஒரே காரணத்தால்தான்.

ஐரோப்பாவிலும் இது நடந்தது. ஓப்பல் அஸ்ட்ராவின் 1.7 லிட்டர் டீசல் போலந்தின் டிகியில் உள்ள இசுஸு தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து ஒஹையோவில் தொடங்கிய தொழிற்சாலையில், 2000-இலிருந்து டூராமேக்ஸ் என்ற 6.6 லிட்டர் வி8 டீசல் தயாரானது. அமெரிக்கப் பெரிய பிக்கப்புகளில் பெயர் எடுத்த அந்த இன்ஜினின் வடிவமைப்பில் இசுஸுவின் பங்கு பெரிது.

இவ்வளவு இருந்தும் கார்கள் நிறுவனத்தின் பணத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஜப்பானின் சொத்து விலைக் குமிழி உடைந்ததும் தாங்க முடியவில்லை. 1992 டிசம்பரில், சொந்தமாகப் பயணிகள் கார் உருவாக்குவதை நிறுத்துவதாக இசுஸு அறிவித்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஹோண்டாவின் கார்கள் ஜெமினி, ஆஸ்கா என்ற பெயர்களில் விற்கப்பட்டன. பதிலுக்கு இசுஸுவின் ரோடியோ அமெரிக்காவில் ஹோண்டா பாஸ்போர்ட் ஆனது. 1997-இல் வந்த வீக்ராஸ் என்ற விசித்திர அழகுள்ள எஸ்யூவிதான் அந்தப் பழைய தைரியத்தின் கடைசி வீச்சு. 2002-இல் ஜப்பானிலும், 2009 ஜனவரியில் அமெரிக்காவிலும் எஸ்யூவி விற்பனையும் முடிந்தது.

அந்த 2002 நிறுவனத்தின் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. கடன் கழுத்தை நெரித்தது. வங்கிகள் கடனின் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன, ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு 12 சதவீதமாகச் சுருங்கியது. அப்புறம் கிடைத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டீசல் புகைக்கு எதிராக அன்றைய டோக்கியோ ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாரா கடும் பிரசாரம் செய்துவந்தார். ஒரு பாட்டிலில் கரித்தூளைக் குலுக்கிக் காட்டி, இதைத்தான் மக்கள் சுவாசிக்கிறார்கள் என்றார். 2003 அக்டோபர் முதல் டோக்கியோவிலும் அண்டை மாநிலங்களிலும் விதிமுறைக்கு உட்படாத பழைய டீசல் லாரிகள் ஓடத் தடை வந்தது. லாரி முதலாளிகள் புது வண்டி வாங்கியே ஆக வேண்டும். புகையைக் குறைத்த புதிய எல்ஃபும் ஃபார்வர்டும் கையில் இருந்ததால் ஆர்டர்கள் இசுஸுவுக்கும் வந்தன. டீசலைக் குற்றம் சாட்டிய சட்டமே ஒரு டீசல் நிறுவனத்துக்கு மூச்சு கொடுத்தது. சட்டம் சரியானதுதான், காற்று சுத்தமானது. கார் சுமை அப்போதும் தோளில் இருந்திருந்தால், இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்ள இசுஸுவிடம் பணமோ ஆளோ மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன். 2006-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மிச்சப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது.

பிக்கப்பின் தலைநகரம் அதற்குள் தாய்லாந்துக்கு மாறியிருந்தது. அங்கே 1960-களிலிருந்தே இசுஸு வண்டி செய்கிறது. 2002-இல் டி-மேக்ஸ் பிக்கப் அங்கேதான் அறிமுகமானது, உலகுக்கே அங்கிருந்துதான் ஏற்றுமதி. பகலில் சரக்கு, மாலையில் குடும்பம், திருவிழாவுக்கு ஊர் என்று ஒரே வண்டியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளும் தாய் மக்களுக்கு அது பொருந்தியது. 2011-இலும் 2019-இலும் புதிய தலைமுறைகள் வந்தன. மாஸ்டாவின் இப்போதைய பிடி-50 பிக்கப்பும் டி-மேக்ஸின் உடன்பிறப்புதான்.

இந்தியாவில் இசுஸு தன் சொந்தப் பெயரில் வந்தது மிகத் தாமதமாகத்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோடு இன்ஜின் உறவு 1980-களிலேயே இருந்தது. பஞ்சாபில் ஸ்வராஜ் மாஸ்டாவாக இருந்த நிறுவனம் 2011-இல் எஸ்எம்எல் இசுஸு ஆனது. பள்ளி வேன்களிலும் சின்ன பஸ்களிலும் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 2025-இல் அதன் பெரும்பான்மைப் பங்கு மஹிந்திராவுக்குப் போனது. 2012-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இசுஸு மோட்டார்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. முதல் வண்டிகள் திருவள்ளூரில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டன. 2016 ஏப்ரலில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. டி-மேக்ஸ் வி-கிராஸ் அதே ஆண்டு சந்தைக்கு வந்தது, 2017-இல் எம்யூ-எக்ஸ் எஸ்யூவி. வி-கிராஸுக்கு இங்கே தீவிர ரசிகர்கள் உண்டு, விற்பனை எண்ணிக்கையோ சிறியது. நம் ஊரில் பிக்கப் என்பது இன்னமும் சரக்கு வண்டிதான். வீட்டு வாசலில் நிறுத்த விரும்பும் குடும்பங்கள் குறைவு. விலையும் அதிகம். தாய்லாந்தில் ஓடிய கணக்கு இங்கே அப்படியே ஓடவில்லை.

2021-இல் வால்வோவிடமிருந்து யூடி டிரக்ஸை இசுஸு வாங்கியது. எல்ஃபில் வலுவாகவும் கனரக லாரியில் சற்றுப் பலவீனமாகவும் இருந்த நிறுவனத்துக்கு அந்த ஓட்டையை அடைக்கும் கொள்முதல் அது. அதே ஆண்டு டொயோட்டா 4.6 சதவீதப் பங்கு எடுத்தது. மின்சார, ஹைட்ரஜன் வண்டி ஆராய்ச்சிச் செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

டீசலையே உயிராகக் கொண்ட நிறுவனத்துக்குப் பேட்டரி யுகம் சங்கடமானது. 2023-இன் புதிய எல்ஃபை டீசல், மின்சாரம் இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரே அடித்தளத்தில் வடிவமைத்தார்கள். பேட்டரித் தொகுதிகளின் எண்ணிக்கையை வேலைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். பகலில் நகருக்குள் 60 கிலோமீட்டர் ஓடும் பார்சல் வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கான பேட்டரியைச் சுமக்க வேண்டியதில்லை. பேட்டரியின் எடை கூடினால் ஏற்றும் சரக்கின் எடை குறையும், லாரிக்காரருக்கு அது நேரடி நட்டம். 2024-இல் பாங்காக்கில் காட்டிய மின்சார டி-மேக்ஸிலும் இதே கவலை தெரிகிறது. 66.9 கிலோவாட்-மணி பேட்டரி மட்டுமே வைத்தார்கள். இன்றைய மின்சார வண்டிகளோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் 1 டன் சுமை, 3.5 டன் இழுவை என்ற டீசல் டி-மேக்ஸின் திறனை விட்டுக்கொடுக்கவில்லை.